'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

ஐ.டி. வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் 'ரன்' என்ற சொல் அவரை நான்கு முறை தடுக்கி விழ வைத்ததாம். "அனுப்புறதுக்கு முன்னால ரன் இட் பை மீ" என்று மேனேஜர் சொன்னார். "தி மீட்டிங் மே ரன் ஓவர்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் "லெட்ஸ் ரன் தி நம்பர்ஸ்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "டூ எ ட்ரை ரன்" என்று ஒரு மெயில் வந்தது. பள்ளிக்கூடத்தில் ரன் என்றால் ஓடு என்று படித்ததோடு சரி, மீதியை மனப்பாடம் செய்யப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தால் கற்றுக்கொள்ளும் ஆசையே போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. வினைச்சொல்லாக மட்டும் அதற்குச் சுமார் 430 பொருள்கள், 60,000 சொற்களில் விளக்கம். அடுத்த பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்பது மாதம் என்பது ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம்! 2011இல் அந்தச் செய்தி வெளிவந்தபோது, 645 என்ற எண்ணைப் பார்த்து ஆங்கிலேயர்களே வாயைப் பிளந்தார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டாம். தமிழ் பேசுகிறவருக்கு அதில் கணிசமான பங்கு ஏற்கனவே தெரியும். நம் 'ஓடு' என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். காலால் ஓடுவது மட்டுமா ஓட்டம்? ஆறு ஓடுகிறது. ரத்தம் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, மில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. மரம் ஆழமாக வேரோடியிருக்கிறது. மனசுக்குள் என்னவோ ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வீட்டாரும் சம்மதிக்காததால் பையனும் பெண்ணும் ஓடிப்போய்விட்டார்கள். படம் நூறு நாள் ஓடியது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடியது என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அதை ஆங்கிலத்தில் எழுதினாலும் 'ரேன்' என்றுதான் எழுத வேண்டும். மேலே சொன்ன அத்தனை வாக்கியத்திலும் ரன்னைப் போடலாம், ஒன்றும் குறையாது. இலங்கையில் வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் என்பார்கள். ஆங்கிலேயரும் அதைப் பேச்சுவழக்கில் 'தி ரன்ஸ்' என்பார்கள். (நண்பர்களுக்குள் மட்டும். லீவு லெட்டரில் எழுதிவிடாதீர்கள்.)

அப்படியானால் சிக்கல் எங்கே? நான் பார்த்தவரை ஒரே இடத்தில்தான். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. வண்டி ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, எழு–எழுப்பு, நட–நடத்து என்று இந்த ஜோடிகளை நாம் யோசிக்காமலே சரியாகப் பிரித்துப் பேசுகிறோம். ஆங்கில ரன் இந்த இரண்டு வேலையையும் தனியாளாகப் பார்க்கிறது. "தி மெஷின் ரன்ஸ்" என்றாலும் ரன், "ஷீ ரன்ஸ் தி மெஷின்" என்றாலும் ரன். முதலாவது ஓடு, இரண்டாவது ஓட்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஓடு வேறாகவும் ஓட்டு வேறாகவும்தான் இருந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கும் பாய்வதற்கும் 'ரின்னன்' அல்லது 'இர்னன்' என்ற சொல். ஓடச் செய்வதற்கு, குதிரையை விரட்டி ஓட்டுவதற்கு 'ஏர்னன்' என்ற சொல். வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகளின் மொழியிலும் இதே வேரிலிருந்து முளைத்த இரண்டு சொற்கள் இருந்தன. எல்லாம் கலந்து, உரசித் தேய்ந்து, கடைசியில் ஒரே ரன் ஆகிவிட்டது. வேறு சில ஜோடிகள் தப்பிப் பிழைத்தன. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. அகராதியில் முன்பு முதலிடத்தில் இருந்த அதே செட் இப்படித்தான் பிறந்தது. 'ஃபால்' விழு, 'ஃபெல்' மரத்தை வீழ்த்து. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'லை' (கிட), 'லே' (கிடத்து) ஜோடியில் எது எங்கே வரும் என்று ஆங்கிலேயர்களே இன்னும் தடுமாறுகிறார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறினால் ஏன் திட்ட வேண்டும்?

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் பேசியிருந்தால் இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். "உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமோ?" என்று கேட்பார்கள். சைக்கிளும் ஓடுவார்கள், வானும் (நம் வேன்) ஓடுவார்கள். தமிழ்நாட்டுக் காதுக்கு முதலில் சிரிப்பு வரும், காருக்குப் பக்கத்தில் இவரும் சேர்ந்து ஓடுகிற மாதிரி. ஆனால் ஆங்கிலத்தில் நடந்த அதே காரியம்தான் அவர்கள் பேச்சில் ஓடு என்ற சொல்லுக்கு நடந்திருக்கிறது. ஓட்டின் வேலையையும் அது எடுத்துக்கொண்டது.

ஆகவே ரன் வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, பக்கத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் ஏதோ ஒன்று தானாக ஓடுகிறது. இருந்தால் யாரோ எதையோ ஓட்டுகிறார். "ரன் தி நம்பர்ஸ்" என்றால் எண்களைக் கணக்குக்குள் ஓட்டிப் பார்ப்பது, அதாவது வரவு செலவு தேறுமா என்று போட்டுப் பார்ப்பது. "ரன் எ டெஸ்ட்" சோதனை ஓட்டுவது. "ரன் எ பாத்" குழாயைத் திறந்து தொட்டியில் தண்ணீர் ஓட விடுவது. "ரன் யுவர் ஐஸ் ஓவர் திஸ்" என்றால் இதன் மேல் கண்ணை ஓட்டுங்கள் என்பதுதான், அச்சு அசல் தமிழ். எல்லா இடத்திலும் இந்தச் சூத்திரம் செல்லாது. ரிஸ்க்கையும் 'ரன்' செய்வார்கள், காய்ச்சலையும் 'ரன்' செய்வார்கள். "ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்" என்றால் அவளுக்கு உடம்பு சுடுகிறது. அவற்றைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு பள்ளம் இருக்கிறது, ஜாக்கிரதை. ஓட்டு என்றால் ரன் என்று பழகியதும் "ஐ ரன் மை கார் டு ஆஃபீஸ்" என்று சொல்லத் தோன்றும். கூடாது. கார் என்றால் 'டிரைவ்', பைக்கும் சைக்கிளும் 'ரைட்', விமானம் 'ஃப்ளை'. "ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்" என்று ஒருவர் சொன்னால், பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் என்று கார் வைத்துக் கட்டுப்படியாகாது என்று அர்த்தம். அவருக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா என்பது வேறு விஷயம். ஆனால் "ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்" என்று சொல்லலாம். வாங்க, ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறேன் என்று பொருள்.

நாம் ஓடாத இடத்திலும் ஆங்கிலம் ஓடும். ஹோட்டலை, பள்ளிக்கூடத்தை, கம்பெனியை நாம் நடத்துகிறோம். நட என்பதன் பிறவினை. ஆங்கிலத்தில் அவற்றை 'ரன்' செய்கிறார்கள். நமக்கு நடை போதும், அவர்களுக்கு ஓட்டம் வேண்டும். தேர்தலில் இதைவிட நல்ல கூத்து. நம் வேட்பாளர் தொகுதியில் நிற்கிறார். பிரிட்டனிலும் 'ஸ்டாண்ட்', அதாவது நிற்கிறார். அமெரிக்காவில் மட்டும் 'ரன்', ஓடுகிறார். அங்கே துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பார்கள், குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். 2020இல் கமலா ஹாரிஸ் பைடனின் ரன்னிங் மேட் ஆனபோது அவர் தாயாரின் சென்னைப் பூர்வீகத்தை வைத்து நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. யாரும் 'உடன் ஓடுபவர்' என்று மொழிபெயர்க்கவில்லை, நல்லவேளை.

இன்னொரு வகையில் ரன்னுக்கு ஓட்டமே இருக்காது. "தி வெல் ரேன் ட்ரை" என்றால் கிணறு வற்றிப்போச்சு. "வீ ஆர் ரன்னிங் லேட்" என்றால் நேரமாகிப்போச்சு. 'ட்ரை', 'லேட்', 'லோ', 'ஷார்ட்' போன்ற சொற்களுக்கு முன்னால் ரன் வந்தால், ஒன்று வேறொரு நிலைக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அங்கே 'போ' என்ற துணைவினையைப் போடுகிறோம்: வற்றிப்போ, தீர்ந்துபோ, குறைந்துபோ. வேலை ஒன்று, ஆள்தான் வேறு.

இந்த 'ரன் ட்ரை'யில் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் கையேட்டைத் தமிழாக்கினேன். "டு நாட் ரன் தி பம்ப் ட்ரை" என்று ஒரு வரி. நான் வெகு சிரத்தையாக "பம்பை உலர்வாக ஓட்டாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் படித்துவிட்டு, "அப்போ மோட்டாரை நனைச்சுட்டு ஓட்டணுங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதே, சீல் தேய்ந்து மோட்டாரின் காயில் கருகிவிடும் என்பதுதான் அந்த வரியின் பொருள். மோட்டார் பட்டறைகளில் எல்லோரும் "ட்ரை ரன் ஆயிருச்சு" என்றே சொல்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

உங்களுக்கு வந்த மெயிலில் இருந்த ட்ரை ரன் வேறு. அலுவலகத்தில் ட்ரை ரன் என்றால் ஒத்திகை. நிஜ ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை முழுவதும் ஓட்டிப் பார்ப்பது. இதற்கு நம்மிடம் அழகான பழைய சொல் உண்டு: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ரத வீதிகளில் வெள்ளோட்டம் விடுவார்கள், சக்கரம் சுழல்கிறதா, வளைவில் திரும்புகிறதா என்று பார்க்க. புதிதாகக் கட்டிய கப்பலுக்கும் வெள்ளோட்டம் உண்டு. சாஃப்ட்வேருக்கும் அதே சொல் பொருந்தும் என்பது என் கட்சி. 'ஒத்திகை இயக்கம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பெயர்ச்சொல்லாக வரும் ரன் வேறு மாதிரி விளையாடும். கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 22 கஜப் பிட்ச்சில் ஓடி எதிர்முனைக் கோட்டைத் தொட்டால் ஒரு ரன். சரி, ஓடினார், ரன் வந்தது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடவே வேண்டாம், நின்ற இடத்தில் நான்கு ரன். வைட் போட்டால் மட்டையே படாமல் ஒரு ரன். ஓட்டம் போய்க் கணக்கு மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்கோர் எழுதுகிறவர் குச்சியில் ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு வெட்டுப் போடுவார், அதனால் ரன்னை 'நாட்ச்' என்றே அழைத்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்றும் 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. நம் பக்கம் ரன் ரன்னாகவே இருந்துவிட்டது.

அப்புறம் வங்கி. 'எ ரன் ஆன் தி பேங்க்' என்றால், வங்கி கவிழப்போகிறது என்ற பயத்தில் போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது. எந்த வங்கியும் எல்லோர் பணத்தையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் வெளியே போயிருக்கும். எனவே நல்ல வங்கியைக்கூட இந்த ஓட்டம் கவிழ்த்துவிடும். 2023 மார்ச் 9 அன்று கலிஃபோர்னியாவின் சிலிகான் வேலி பேங்க்கிலிருந்து ஒரே நாளில் சுமார் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் உத்தரவு போட்டார்கள். மறுநாள் அரசு வங்கியை மூடிவிட்டது. பழைய படங்களில் வருவது மாதிரி வாசலில் கூட்டம் ஓடி வரவில்லை. பெரும்பாலும் ஃபோனில் விரல்தான் ஓடியது. ஆனாலும் அதன் பெயர் ரன்தான்.

நம் நாட்டு ரயில்வே இதில் யாருக்கும் சளைத்ததில்லை. லோகோ பைலட்டும், முன்பு கார்டு என்று அழைக்கப்பட்ட டிரெயின் மேனேஜரும் 'ரன்னிங் ஸ்டாஃப்'. அவர்கள் ஒரு டியூட்டி முடித்துவிட்டு அடுத்த வண்டி வரும்வரை படுத்துத் தூங்கும் இடத்துக்குப் பெயர் 'ரன்னிங் ரூம்'! ஒருவரும் ஓடாத, சத்தம் போட்டுப் பேசக்கூட அனுமதிக்காத அறை. ரன்னிங் ஸ்டாஃபுக்கான ரூம் என்று விரித்துப் பார்த்தால்தான் விளங்கும். இன்னொரு நாட்டுச் சரக்கு 'ரன்னிங் நோஸ்'. மூக்கு ஒழுகுகிறது என்று டாக்டரிடம் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். லண்டன் டாக்டரிடம் போனால் 'ரன்னி நோஸ்' என்று சொல்லுங்கள். சென்னையில் எப்படிச் சொன்னாலும் அதே மாத்திரைதான்.

ஒரு சின்ன இலக்கண விஷயம், போகிற போக்கில்: ரன், ரேன், ரன். முதலும் மூன்றாவதும் ஒன்றே. 'ஹேஸ் ரேன்' தவறு, 'ஹேஸ் ரன்' சரி. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

இனி பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்கள். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை இவைதான். 'ரன் அவுட்' என்றதும் நமக்கு ஸ்டம்ப் பறப்பதுதான் தெரியும். ஆனால் "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்" என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோச்சு. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே ஓடிவிட்டது என்று மனசுக்குள் படம் போட்டுக்கொண்டால் மறக்காது. "ஐ ரேன் இன்டு ஹிம்" என்றால் எதிர்பாராமல் அவரைப் பார்த்தேன். அதே வாக்கியத்தில் அவருக்குப் பதில் சுவரோ லாரியோ இருந்தால் போய் மோதினேன். 'ரன் அப்' பில்லோடு வந்தால் கடன் ஏறுகிறது. 'ரன் டவுன்' என்றால் பேட்டரி இறங்கும். ஆளை ரன் டவுன் செய்தால் ஒன்று வண்டி ஏற்றிச் சாய்ப்பது, இல்லையென்றால் மட்டம் தட்டிப் பேசுவது. எது என்பதைச் சுற்றியுள்ள பேச்சுதான் சொல்லும். கதாகாலட்சேபத்தில் கேட்ட வரியைப் போல, வாக்கியத்தோடு சேர்த்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் பிரித்து நோட்டில் எழுதி வைத்தால் ஒட்டாது.

'ரன் ஓவர்' பாத்திரம் நிரம்பி வழிவதைப் போன்றது. மீட்டிங் ரன் ஓவர் ஆகும் என்றால் குறித்த நேரத்தைத் தாண்டி இழுக்கும், அதற்குப் பின்னால் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நாயை வண்டி ரன் ஓவர் செய்தது என்றால் பாவம், ஏறி இறங்கிவிட்டது.

கடைசியாக உங்கள் மேனேஜர். "ரன் இட் பை மீ" என்பதில் 'பை' என்றால் பக்கத்தில், ஒட்டி. என் கண்ணுக்கு முன்னால் அதை ஒரு முறை ஓட்டிக் காட்டு என்கிறார். ஓட்டுதான் இதுவும், ஓட்டப்படுவது நீங்கள் எழுதிய மெயில். அவர் திருத்தலாம், திருத்தாமல் தலையாட்டலாம், ஆனால் அவர் பார்க்காமல் கிளையன்ட்டுக்குப் போகக் கூடாது. அதனால் மெயிலை டிராஃப்ட்டில் வைத்துவிட்டு முதலில் அவர் சீட்டுக்குப் போங்கள். ஓட வேண்டாம், நடந்தே போகலாம்.